திருந்திட்டா அப்புறம் என்ன கதை?

மாமியார் எப்போது திருந்துவார் என்று சீரியல் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். வசனம் எழுதிப் பிழைக்கும் எங்களிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: கிளைமாக்ஸ் வாரத்தில். அதற்கு முன்னால் அவர் திருந்திவிட்டால், மறுநாள் ஷூட்டிங்குக்குக் கொடுக்க சீன் பேப்பர் இருக்காது. கோபக்காரனின் கோபமும் சந்தேகக்காரியின் சந்தேகமும்தான் எங்களுக்கு மாதச் சம்பளம். நான் எழுதிய தொடர் ஒன்றில் ஒரு நாத்தனார் நல்லவளானாள். ரேட்டிங் இறங்கியது. அடுத்த வாரமே அவளுக்குத் தலையில் அடிபட்டது. கண் விழித்தபோது பழைய நாத்தனாராகவே இருந்தாள்.

இந்த விஷயத்தில் கார்ட்டூன்காரர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். பெரும்பாலான தொடர்களில் யாரையும் திருந்தவே விடமாட்டார்கள். 1970இல் ஜப்பானியச் சிறுவர் பத்திரிகைகளில் வரத் தொடங்கிய ‘டோரேமான்’ கதையில் நோபிட்டா அன்றைக்கும் பரீட்சையில் பூஜ்யம், இன்றைக்கும் பூஜ்யம். ‘சிம்ப்சன்ஸ்’ 1989இல் தனித் தொடராகத் தொடங்கியபோது பார்ட் நாலாம் வகுப்பு, இன்னும் பாஸாகவில்லை. ஷின்-சானுக்கு வயது 5ஐத் தாண்டவே இல்லை. நேற்று என்ன நடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொடர்களின் எழுதாத சட்டம். எந்த எபிசோடை எந்த வரிசையில் போட்டாலும் பிள்ளைகளுக்குப் புரியும். சேனலுக்கும் வசதி.

இந்த வசதியை வேண்டாமென்று விட்டுவிட்டு, 9 சீசன் ஓடிய ஒரு தொடரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ‘மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’. ரோஸ், மஞ்சள், ஊதா நிறத்தில் பேசும் குட்டிக் குதிரைகள். அக்கா மகளுக்குத் துணையாகப் பார்க்க உட்கார்ந்தேன். அவள் தூங்கிப்போன பிறகும் நான் டிவியை அணைக்கவில்லை.

ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி 1980களிலிருந்து விற்றுவரும் குதிரைப் பொம்மைகள்தான் மூலம். அதை வைத்து ஏற்கெனவே கார்ட்டூன்கள் வந்திருந்தன. புதிதாக ஒன்று செய்து தரும்படி ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ தொடரில் வேலை பார்த்த லாரன் ஃபாஸ்டிடம் ஒப்படைத்தார்கள். கனடாவின் வான்கூவரில் உள்ள ஸ்டுடியோவில் படங்கள் தயாராகி, 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் முதல் எபிசோடு ஒளிபரப்பானது. பொம்மை விளம்பரமாகவே முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். ஃபாஸ்ட் செய்த காரியம் என்னவென்றால், ஆறு குதிரைகளுக்கும் ஆளுக்கொரு குறையைக் கச்சிதமாக வைத்தார்.

ட்வைலைட் ஸ்பார்க்கிள் புத்தகப் புழு. எல்லாம் பட்டியல் போட்டபடி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கை கால் ஓடாது. சிநேகிதம் வைத்துக்கொள்ள நேரமில்லை என்கிற ரகம். ஆப்பிள்ஜாக் உழைப்பாளி, ஆனால் செத்தாலும் உதவி கேட்கமாட்டாள். ரெயின்போ டேஷ் தற்பெருமைக்காரி. ரேரிட்டிக்குச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மூர்ச்சை போட்டு விழ சோபா வேண்டும். பிங்கி பைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஃப்ளட்டர்ஷை தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிறவள். (பிங்கிக்கும் ஃப்ளட்டர்ஷைக்கும் குரல் கொடுத்தவர் ஆண்ட்ரியா லிப்மன் என்ற ஒரே நடிகை. ஊரைக் கூட்டும் குரலும் காதில் விழாத குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்று தெரிந்தபோது, எங்கள் டப்பிங் கலைஞர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.)

முதல் சீசனின் 26 எபிசோடுகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. யாராவது ஒருத்தி தன் குறையால் சறுக்குவாள்; நண்பர்கள் தூக்கிவிடுவார்கள்; முடிவில் ட்வைலைட் தன் குருவான இளவரசி செலஸ்டியாவுக்கு, இன்று சிநேகிதத்தைப் பற்றிக் கற்றது இது என்று கடிதம் எழுதுவாள். ஸ்பைக் என்ற குட்டி டிராகன் அதைப் பச்சை நெருப்பால் ஊதுவான். கடிதம் புகையாகிப் போய்ச் சேரும். எபிசோடு முடிந்தது.

ஒரு எழுத்தாளராக எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கடிதம்தான். மற்ற தொடர்களில் கற்ற பாடத்தை மறந்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். இங்கே எழுதி, தேதி போட்டு, ராஜாங்கத்துக்கு அனுப்பிவிட்டார்களே! அடுத்த வருடம் அதே தப்பைச் செய்தால் எட்டு வயதுப் பிள்ளை பிடித்துவிடும்.

அந்தக் குழுவுக்கும் இது தெரிந்திருக்கிறது. இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடான ‘லெசன் ஸீரோ’வைப் பார்த்தால் விளங்கும். மேகன் மெக்கார்த்தி எழுதியது. வாரம் முடியப்போகிறது, கடிதம் அனுப்பவில்லை என்று ட்வைலைட்டுக்குத் திடீரென்று உறைக்கிறது. எழுதலாமென்றால் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. ரேரிட்டியின் கூச்சலைக் கேட்டு ஓடுகிறாள். ரிப்பனைத் தொலைத்திருக்கிறாள், அதுவும் கிடைத்துவிடுகிறது. ரெயின்போ டேஷ் ஆப்பிள்ஜாக்கின் கொட்டகையை இடிக்கிறாள். சண்டையா என்று பார்த்தால், புதுசு கட்டுவதற்காக ஆப்பிள்ஜாக்கே இடிக்கச் சொல்லியிருக்கிறாள். ஊரே சௌக்கியமாக இருக்கிறது. ட்வைலைட்டின் பிடரி மயிர் கலைந்து நிற்கிறது, கண் துடிக்கிறது, சிரிப்பு அசிங்கமாக மாறுகிறது. சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கடைசியில், பிரச்சினை இல்லாவிட்டால் உண்டாக்கிவிடலாம் என்று முடிவு செய்கிறாள். சின்ன வயதில் வைத்திருந்த கிழிசல் பொம்மையை எடுத்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் அதற்காக ஆசைப்படும்படி மந்திரம் போட்டுவிடுகிறாள். ஊரே ஒரு பொம்மைக்காகக் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறது.

டெட்லைன், கையில் கதை இல்லை, எல்லா பாத்திரங்களும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், எங்கிருந்தாவது ஒரு சண்டையைக் கொண்டுவா! எங்கள் டிஸ்கஷன் அறையை யாரோ ஒளிந்திருந்து படம் பிடித்த மாதிரி இருந்தது. செலஸ்டியா வந்து மந்திரத்தை எடுக்கிறார். ட்வைலைட்டின் பதற்றத்தைத் தாங்கள் மதிக்காமல் விட்டதுதான் தப்பு என்று தோழிகள் ஒப்புக்கொள்கிறார்கள். இனி வாராவாரம் கடிதம் வேண்டாம், ஏதாவது கற்றுக்கொண்டால் மட்டும் எழுதினால் போதும், அதையும் ட்வைலைட் ஒருத்தியே எழுத வேண்டியதில்லை, ஆறு பேரும் எழுதலாம் என்று உத்தரவாகிறது. கதைக்குள் அது இளவரசியின் கருணை. கதைக்கு வெளியே, எழுதுகிறவர்களின் கழுத்திலிருந்து ஒரு கயிறு அவிழ்ந்தது. ட்வைலைட்டை வைத்தே எல்லா எபிசோடையும் முடிக்க வேண்டிய கட்டாயம் அதோடு தீர்ந்தது.

ஃபாஸ்ட் இரண்டாம் சீசனோடு விலகிவிட்டார். மூன்றாம் சீசன் 13 எபிசோடுதான். 26, 26, 13 என்று கூட்டினால் 65 வரும். அமெரிக்கக் கார்ட்டூன் வியாபாரத்தில் இது பழைய கணக்கு: வாரத்துக்கு 5 நாள் வீதம் 13 வாரம் மறுஒளிபரப்பு செய்ய 65 எபிசோடு தேவை. அந்த 65ஆவது எபிசோடில், 2013 பிப்ரவரியில், ட்வைலைட்டுக்கு இறக்கை முளைத்தது. கொம்பும் இறக்கையும் சேர்ந்திருந்தால் இளவரசி. கற்றுத் தேர்ந்தாகிவிட்டது, பட்டாபிஷேகம், சுபம். எம். ஏ. லார்சன் எழுதிய அந்த எபிசோடைப் பார்த்தால், இதோடு கடையைக் கட்டினாலும் பரவாயில்லை என்று எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கடை கட்டவில்லை. இன்னும் 6 சீசன் ஓடியது. ரசிகர்கள் கொதித்தார்கள். இந்தத் தொடருக்குப் பெரிய ஆண்கள் கூட்டமே ரசிகர்களாக இருந்தது, ‘ப்ரோனி’ என்று அவர்களுக்குப் பெயர்; அவர்களில் பலருக்கு இறக்கை பிடிக்கவில்லை. நூலகத்தில் தூங்கி விழும் நம்ம ட்வைலைட் போய்விட்டாள், இனி இவள் மகாராணி, புதுப் பொம்மை விற்க இதெல்லாம் ஒரு தந்திரம் என்றார்கள். தந்திரம் இல்லாமல் இருக்குமா? பொம்மைக் கம்பெனியின் தொடரில் இறக்கையும் மாளிகையும் சும்மா வராது. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு எழுதியவர்கள் பட்ட பாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அக்கா மகள் ஒரு நாள் கேட்டாள்: “சித்தி, ஃப்ளட்டர்ஷைக்குத்தான் அன்னைக்கே தைரியம் வந்துடுச்சே, மறுபடி ஏன் பயப்படுறா?”

நியாயமான கேள்வி. முதல் சீசனில் ஃப்ளட்டர்ஷை ஒரு பெரிய டிராகனையே அதட்டி அழ வைக்கிறாள். இரண்டாம் சீசனில் சந்தையில் வரிசையில் எல்லோரும் அவளை இடித்துத் தள்ளி முன்னால் போகிறார்கள். அவள் வளர்க்கும் முயல்கூட அவளை மிரட்டுகிறது. அயர்ன் வில் என்ற காளைத்தலை பயிற்சியாளரிடம், ‘எதிர்த்து நில்’ என்று கற்றுக்கொண்டு வந்து, எல்லை மீறி, சொந்தத் தோழிகளையே அழ விடுகிறாள். பிறகு அந்தப் பயிற்சியாளர் ஃபீஸ் கேட்டு வருகிறான். திருப்தியில்லை என்றால் பணம் வேண்டாம் என்று நீதானே சொன்னாய், எனக்குத் திருப்தியில்லை என்று, குரலை உயர்த்தாமல், மாட்டேன் என்கிறாள். அற்புதமான சீன். நாலாம் சீசனில் மறுபடியும் மேடை பயம். திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறாள். ஐந்தாம் சீசனிலும் பயம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பயம் ஒன்றுதான், பயப்படும் இடம் மாறிக்கொண்டே வருகிறது. டிராகன், சந்தைக்காரன், கூட்டம் என்று வந்து, ஏழாம் சீசனில் அவள் விலங்குகளுக்கென்று ஒரு சரணாலயம் கட்ட நினைக்கும்போது, எதிரே நிற்பது மெத்தப் படித்த நிபுணர்கள். அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் அவர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டுகிறார்கள். ஃப்ளட்டர்ஷை கத்தவில்லை, அழவுமில்லை. மரியாதையாகவே அவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வேறு ஆள் வைத்துக்கொள்கிறாள். குரல் மட்டும் அதே மெல்லிய குரல். கூச்சம் போகவில்லை, அது இனி அவளைத் தடுக்கவில்லை. நிஜ மனிதர்களும் இப்படித்தானே மாறுகிறார்கள்?

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இதே தொடரில் இருக்கிறது. முதல் சீசனில் ரெயின்போ டேஷும் பிங்கியும் ஊரையெல்லாம் குறும்பு செய்து ஏமாற்றுவார்கள். ஃப்ளட்டர்ஷையின் முறை வரும்போது, அவள் மனசு நொந்துபோவாள், வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஆறாம் சீசனின் ‘28 ப்ராங்க்ஸ் லேட்டர்’ எபிசோடில் அதே டேஷ், அதே ஃப்ளட்டர்ஷையைப் பயமுறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். அஞ்சு சீசனுக்கு முன்னால் தெரிந்தது இப்போது எப்படி மறந்தது? எங்கள் நாத்தனாருக்காவது தலையில் அடிபட்டது! ஒரு எபிசோடு தேவைப்பட்டதற்காகப் பாத்திரத்தை முட்டாளாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பழைய ஆட்களிடம் தப்பு குறையக் குறைய, தப்பு செய்யப் புது ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாம் சீசனில் வில்லியாக வரும் ஸ்டார்லைட் க்ளிம்மர் மனம் மாறி, ஆறாம் சீசனில் ட்வைலைட்டின் மாணவியாகிறாள். மந்திரத்தில் கெட்டிக்காரி, மற்றவர்களோடு பழகத் தெரியாதவள். அதாவது முதல் சீசன் ட்வைலைட்டின் காலி நாற்காலியில் வந்து உட்காருகிறாள். ஒரு எபிசோடில் அவளுக்கு, ஒவ்வொரு தோழியோடும் பழகிப் பாடம் கற்றுவா என்று வேலை கொடுக்கிறார்கள். இவள் ஐந்து பேர்மீதும் மந்திரம் போட்டு, சொன்னதைச் செய்யும் பொம்மைகளாக்கி, ஐந்து பாடத்தையும் ஒரே மாலையில் முடிக்கப் பார்க்கிறாள். ட்வைலைட் ‘லெசன் ஸீரோ’வில் செய்ததும் இதே குறுக்கு வழிதான். இப்போது அவள் அதைக் கண்டிக்கிற டீச்சர். ஸ்டார்லைட்டைச் சீக்கிரம் மன்னித்துவிட்டார்கள் என்று பல ரசிகர்களுக்குக் கோபம். எனக்கும் கொஞ்சம் உண்டு. காலத்தையே திருப்பிப் பழிவாங்கப் பார்த்தவளை ஒரே பாட்டில் மன்னித்திருக்க வேண்டாம். ஆனால் கதைக்கு அவள் தேவைப்பட்டாள்.

எட்டாம் சீசனில் ஆறு தோழிகளும் ஒரு பள்ளிக்கூடமே திறந்துவிடுகிறார்கள். டிராகன், யாக், க்ரிஃபன் என்று பல இனத்துப் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் தொடரின் கதாநாயகிகள் ஹெட்மிஸ்ட்ரஸாகவும் வாத்தியாராகவும் ஓரமாக நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஐந்தாம் சீசனில், 2015இல் வந்த ஓர் எபிசோடு. இந்தத் தொடரில் ஒவ்வொரு குதிரைக்கும் தன் திறமை என்னவென்று புரியும் நாளில் இடுப்போரம் ஒரு சின்னம் தோன்றும். ஆப்பிள் ப்ளூம், ஸ்வீட்டி பெல், ஸ்கூட்டலூ என்று மூன்று சிறுமிகள் முதல் சீசனிலிருந்து அந்தச் சின்னத்தைத் தேடி அலைகிறார்கள். கிடைத்துவிட்டால் அவர்கள் கதை அதோடு சரி. அதனாலேயே எழுதியவர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கடைசியில், தங்களை இத்தனை நாள் கேலி செய்துவந்த டயமண்ட் டியாரா என்ற பெண்ணுக்கு உதவும்போது மூவருக்கும் சின்னம் வருகிறது. அந்தத் திமிர் பிடித்த பெண் வீட்டில் அம்மாவின் அதட்டலுக்கு நடுங்குகிறவள் என்பதும் அதே எபிசோடில் தெரிகிறது. தங்களுக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், இனி மற்றவர்களுடையதைத் தேடிக் கொடுப்பார்கள். தேடல் முடியவுமில்லை, பொய்யாக நீளவுமில்லை. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்த விதத்துக்காகவே அந்த எழுத்தாளர் குழுவுக்கு என் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்கூட்டலூவால் பறக்க முடியாது. தொடர் முடியும்வரை அது சரியாகவே இல்லை. சரியாக்காமல் விட்டதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

ரசிகர்களின் முணுமுணுப்புக்கு ஏழாம் சீசனில், 2017இல், நேரடியாகவே பதில் வந்தது. ‘ஃபேம் அண்ட் மிஸ்ஃபார்ச்சூன்’ என்ற எபிசோடில், தோழிகள் தங்கள் தவறுகளையும் பாடங்களையும் எழுதிவைத்த நோட்டைப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். படித்தவர்கள் ஆளாளுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். ஃப்ளட்டர்ஷை ஒரே பாடத்தையே திரும்பத் திரும்பக் கற்கிறாள் என்கிறார் ஒருவர். இறக்கை வருவதற்கு முன்னால்தான் ட்வைலைட் நன்றாக இருந்தாள் என்கிறார் இன்னொருவர். ரேரிட்டியின் கடையைப் புறக்கணிக்கிறார்கள். பிங்கி சீரியஸாகப் பேசினாலும் சிரிக்கிறார்கள். எழுதியவர் யார் தெரியுமா? 65ஆவது எபிசோடில் இறக்கை வைத்த அதே லார்சன். திட்டியவர்களின் வசனத்தை அப்படியே வாங்கி, திட்டு வாங்கிய பாத்திரங்களின் எதிரே நின்று பேச வைத்திருக்கிறார். முடிவில் கூட்டம் திருந்துவதில்லை. வாசலில் சத்தம் போட்டபடியே நிற்கிறது. அந்தப் புத்தகத்தைப் படித்து இரண்டு சிறுமிகளின் சண்டை தீர்ந்தது என்பதோடு ட்வைலைட் சமாதானமாகிறாள். எனக்கு வரும் வசவுகளையும் ஒரு சீனாக எழுதிவிடலாமா என்று அன்று யோசித்தேன். சேனல் விடாது.

தொடர் 2019 அக்டோபரில் முடிந்தது. ட்வைலைட் செலஸ்டியாவின் சிம்மாசனத்தில் உட்காருகிறாள். அவள் பதற்றம் மட்டும் கடைசிவரை போகவில்லை. பட்டாபிஷேகத்துக்கும் பட்டியல் போடுகிறாள், பட்டாபிஷேகமும் வரிசையாகச் சொதப்புகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. மகாராணியான பிறகும் அவள் நம்ம ட்வைலைட்தான் என்று அந்தச் சொதப்பல்கள் சொன்ன அளவுக்குக் கிரீடம் சொல்லவில்லை.

மொத்தம் 220க்கு மேல் எபிசோடுகள். எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொன்னால் நான் வசனகர்த்தா இல்லை, விளம்பரக்காரி. என் கணக்கில் முதல் இரண்டு சீசனும் ஐந்தாம் சீசனும் தங்கம், ஆறு, ஏழில் பாதிக்குப் பாதி, எட்டாவது இழுவை. வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து நடுவிலிருந்து தொடங்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள், பிள்ளை “இவளுக்கு இது முன்னாடியே தெரியுமே” என்று கேட்டால் அதட்டாமல் சேர்ந்து யோசியுங்கள். நேரமே இல்லை என்கிறவர்கள் ‘லெசன் ஸீரோ’வையும் ‘ஃபேம் அண்ட் மிஸ்ஃபார்ச்சூ’னையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.